லிப்ட் பள்ளத்துத் தண்ணீர்

லிப்டின் அடிப்பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது என்று மெக்கானிக் சொல்லி முடிப்பதற்குள், அது யாருடைய தவறு என்பதை அந்தக் குடியிருப்பு முழுவதும் முடிவு செய்துவிட்டது. குழாய்க்காரன்தான், வேறு யார்? பள்ளத்தை எட்டிப் பார்த்தவர்கள் மெக்கானிக்கையும் சேர்த்து மூன்று பேர். பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னவர்கள் மாடிக்கு மாடி இருந்தார்கள்.

குழாய்க்காரன் வெளியாள் அல்லன். தரைத்தளத்தில் அழகுநிலையம் நடத்துபவளின் உடன்பிறந்த தம்பி. நகரத்துக்குப் புதிய குடிநீர்த் திட்டம் வந்து, தெருவில் பெரிய குழாய் புதைத்து, வேண்டியவர்கள் இணைப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தபோது, “என் தம்பி செய்வான், அவன் கையில் ஒரு சொட்டு ஒழுகாது” என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள் அவள்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் வேலையை அவனிடம் கொடுத்தார்கள். அவனும் தெருவிலிருந்து வாசலைத் தாண்டி, ஓடு பதித்த நடைபாதைக்கு அடியில், லிப்ட் பள்ளத்தின் சுவரை உரசினாற்போலக் குழாயைக் கொண்டுபோய்த் தரையடித் தொட்டியில் சேர்த்தான். அன்றுமுதல் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாருக்கு ஓய்வு. உப்புத் தண்ணீரில் குளித்துத் துடைப்பம்போல் ஆகியிருந்த தலைமுடியெல்லாம் மெல்ல மெல்லத் தலைமுடியாகவே ஆயிற்று. எல்லாரும் அக்காவையும் தம்பியையும் மெச்சினார்கள். மெச்சுகிற வாய்க்கும் ஏசுகிற வாய்க்கும் அதிகத் தூரமில்லை என்பது ஓர் ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

அவளுக்கு அந்தக் கட்டிடத்தில் ‘ஏன் மேடம்’ என்று ஒரு பெயர் உண்டு. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும். முடி வெட்ட வந்து உட்கார்ந்தவரிடம், முடி ஏன் வலப்பக்கம் மட்டும் அதிகமாகக் கொட்டுகிறது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், ஏன் என்று கேட்டுக்கொண்டே போவாள். பதில் கிடைக்காத கேள்வியை அவள் விட்டுவிடுவதில்லை. கத்தரியை விட்டாலும் விடுவாள்.

மெக்கானிக் பள்ளத்துத் தண்ணீரை இறைத்துக் கொட்டினான். மறுநாள் மீண்டும் ஊறியிருந்தது. இறைக்க இறைக்க ஊறியது. கீழே மின்கம்பிகள் நனைந்தால் ஆபத்து என்று அவன் லிப்டைப் பூட்டிவிட்டான். நான்காம் மாடியில் இடுப்பு அறுவை முடிந்து வந்திருந்த பெரியவரை மருத்துவமனைக்கு நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டியதாயிற்று. தூக்க முன்வந்த இருவரில் ஒருவன் தம்பி.

“மெதுவாப்பா,” என்றார் பெரியவர், படியின் திருப்பத்தில். “தண்ணியைக் கீழ விட்டது போதும். என்னையும் விட்டுடாதே.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை, நாற்காலியின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

சங்கத்தின் செயலாளர் காப்பீட்டு நிறுவனமொன்றில் இழப்புகளை ஆய்வு செய்பவர். எரிந்த கடைகளையும் நசுங்கிய வண்டிகளையும் பார்த்துப் பார்த்து, எவர் சொல்வதையும் பாதி மட்டும் நம்புவதைத் தொழிலாகவே கொண்டவர். கெட்ட மனிதர் அல்லர். குழாயின் இரு முனைகளையும் அடைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்கவில்லை என்று தம்பி காட்டியபோது அவர் பொறுமையாகவே பார்த்தார். பிறகு, சோதிக்கப்படுபவனே சோதிப்பவனாகவும் இருப்பதை எந்த ஆய்விலும் ஏற்க முடியாது என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். மாத இறுதியில் பொதுக்கூட்டம். அதற்குள் ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்; தவறினால் நடைபாதையை முழுக்க உடைத்து, அவன் போட்ட குழாயைப் பிடுங்கி எறிந்து, வேறோர் ஆளை வைத்துப் போடுவார்கள். செயலாளர் அந்தத் தெருவின் எல்லாச் சங்கங்களுக்கும் சேர்ந்த கூட்டமைப்பிலும் பொறுப்பில் இருந்தார். இங்கே பிடுங்கப்பட்ட குழாய்க்காரனை அடுத்த வாசலில் யாரும் கூப்பிடப் போவதில்லை. தம்பிக்குத் தெரிந்தது அந்தத் தொழில் ஒன்றுதான். வேலை கிடைத்துக்கொண்டிருந்தது அந்த வட்டாரத்தில்தான்.

“ஒழுக்கு இருந்தாத்தானே அக்கா அடைக்க?” என்றான் அவன். “இல்லாததை எங்கே போய்த் தேடுவேன்?”

“அப்போ தண்ணி எங்கேருந்து வருது?”

“அதைத்தான் எல்லாரும் என்னைக் கேக்குறாங்க. நீயும் கேளு.”

அவள் கேட்காமல் இருப்பாளா? ஆனால் அவனைக் கேட்பதில் பயனில்லை என்று கண்டு, தண்ணீரையே கேட்பது என்று முடிவு செய்தாள். மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு வாளி பள்ளத்துத் தண்ணீர் வாங்கிவைத்து, தெளியவிட்டு, துணியில் வடிகட்டினாள். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில், ஒன்றில் குழாய்த் தண்ணீரையும் மற்றொன்றில் பள்ளத்துத் தண்ணீரையும் ஊற்றி, ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினாள். குழாய்த் தண்ணீர் கழுத்துவரை நுரைத்தது. பள்ளத்துத் தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளைத் திப்பியாக மிதந்தது. பழைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் தலைக்குத் தேய்த்தால் இப்படித்தான் ஆகும். எத்தனையோ தலைகளில் அவள் கண்ட காட்சி அது.

செயலாளர் அழகுநிலையத்துக்கே வந்தார். தம் கையாலேயே இரண்டையும் குலுக்கிப் பார்த்தார். அவர் கண்களில் ஓர் ஆர்வம் எழுந்ததை அவள் கவனித்தாள். ஆனால் அவர் சொன்ன பதில் அவளைக் கட்டிப்போட்டுவிட்டது.

“பள்ளத்துல கிரீஸ் இருக்கு. கிரீஸ் கலந்தா நுரை வராது. சரி, அதை விடுங்க. நல்ல தண்ணியே ஒழுகினாலும் மண்ணு வழியா ஊறித்தானே உள்ள வரும்? வர்ற வழியில உப்பைச் சேத்துக்கிட்டு வந்தா?”

 எதிராளியின் கேள்வி நல்ல கேள்வியாக இருந்துவிட்டால் அதை மதிப்பதுதான் முறை, அவளும் மதித்தாள். புட்டிகளை மட்டும் கழுவாமல் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் குழாய்த் தண்ணீர் நின்றது. பெருஞ்சாலையில் திட்டத்தின் பெரிய வால்வு ஒன்றை மாற்றுகிறார்கள் என்றும், ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றும் ஒலிபெருக்கி வண்டி ஒன்று சொல்லிக்கொண்டு போயிற்று. ஓராண்டாகத் தூங்கிய மோட்டார்களைத் தெருவே தட்டி எழுப்பியது. உப்புத் தண்ணீர் மறுபடியும் தொட்டிகளில் ஏறியது. பழைய துடைப்பத் தலைகளும் திரும்பின.

பள்ளம் வற்றத் தொடங்கியது.

முதலில் ஊறுவது குறைந்தது. பிறகு நின்றது. வாரக் கடைசியில் மெக்கானிக் இறங்கி நின்றபோது செருப்பில் ஈரம் ஒட்டவில்லை. அவன் லிப்டைத் திறந்துவிட்டான். நான்காம் மாடிப் பெரியவர் காரணமில்லாமலே இரண்டு முறை ஏறி இறங்கினார். இனிச் சாட்சி எதற்கு? குழாயில் தண்ணீர் ஓடினால் பள்ளத்தில் தண்ணீர். குழாய் நின்றால் பள்ளம் காய்கிறது. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் விளங்கும் கணக்கு என்றார்கள். குழாய் வந்த மறுநாளே ஒழுகாத தண்ணீர் ஓர் ஆண்டு கழித்து ஏன் வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இணைப்பு மெல்ல விட்டுக்கொடுத்திருக்கும் என்று தங்களுக்குத் தாங்களே விடை சொல்லிக்கொண்டார்கள்.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்றுண்டு: அவளும் அப்படித்தான் எண்ணினாள். கையில் நுரைக்காத புட்டியை வைத்துக்கொண்டே எண்ணினாள். மதியம் சாப்பிட வந்த தம்பியின் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டும்விட்டாள்.

“சுவரோரமா ஒரு இணைப்பு வளைச்சுப் போட்டியே, அதுல ஏதாவது அவசரத்துல விட்டுப்போச்சா? என்கிட்டயாவது சொல்லு. நான் பேசிக்கிறேன்.”

தம்பி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். “மத்தவங்க சொல்லட்டும். அவங்களுக்கு என் வேலை தெரியாது,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். தட்டில் பாதி அப்படியே இருந்தது. மறுநாள் அவன் சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வால்வு வேலை முடிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது; சில நாட்களில் பள்ளத்திலும் வந்தது. லிப்டை மறுபடி பூட்டினார்கள். செயலாளர் பொதுக்கூட்டத்துக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை என்று, திங்கட்கிழமை நடைபாதையை உடைக்க ஆள் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். அழகுநிலையத்தில் ஒரே ஒரு வாடிக்கைக்காரி. இரண்டாம் மாடி ஆசிரியை. தலையில் சாயம் பூசி, பிடிக்கட்டும் என்று உட்கார வைத்திருந்தாள். ஆசிரியை மெல்லிய குரலில் தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, அவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. கேட்டதுதான் அவளை நிமிர வைத்தது. போன தடவை, குழாய் நின்றிருந்த வாரத்தில், இதே நாற்காலியிலிருந்து இதே மாமியார்க் கதையை ஆசிரியை கத்திக் கத்திச் சொன்னாள், பாதி கேட்கவில்லை. அன்று, சன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் கட்டிடத்தின் மோட்டார் காலை முதல் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த கட்டிடத்தினுடையதும் ஓடியது. தங்கள் கட்டிடத்தினுடையதும்.

ஆக, அந்த வாரத்தில் நடந்தது ஒரு காரியம் அன்று, இரண்டு. குழாய் நின்றது, மோட்டார்கள் ஓடின. அத்தனை பேரும் முதலாவதைப் பார்த்தார்கள். இரண்டாவதை, காது கிழியக் கேட்டும், பார்க்கவில்லை. இரண்டு காரியங்கள் கைகோத்து நடக்கும்போது, தாம் முன்பே நம்பியதன் கையை மட்டும் பிடித்துக்கொள்வது மனிதர் வழக்கம். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை.

“மேடம், சாயம் காயுது,” என்றாள் ஆசிரியை.

“அஞ்சு நிமிஷம்,” என்று சொல்லிவிட்டுக் கையுறையைக்கூடக் கழற்றாமல் அவள் படியேறினாள்.

செயலாளர் அன்று வீட்டிலிருந்தார். கதவைத் திறந்தவர் கறுப்புச் சாயம் சொட்டிய கையுறைகளைப் பார்த்து ஒரு கணம் பின்வாங்கினார். அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் கண்ணாடியைக் கழற்றிய விதத்தில் தெரிந்தது.

“அப்போ நீங்க சொல்றது, இது மேலேருந்து ஒழுகுற தண்ணி இல்ல. கீழேருந்து ஏறுற தண்ணி.”

“நான் அப்படிச் சொல்லலை. அப்படி இருக்குமோன்னு கேக்குறேன். ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும். குழாயும் வரட்டும், மோட்டாரும் ஓடட்டும். பள்ளம் நிறைஞ்சா என் தம்பி குழாயை நானே கடப்பாரை எடுத்து உடைக்கிறேன்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, தம் இருபத்தைந்து ஆண்டு அனுபவத்தில் ஒரு தீ விபத்துக்குக்கூட இரண்டு காரணங்களைத் தனித்தனியாக வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்றும், சொந்த வீட்டு வாசலில் அதை மறந்துபோனது வேடிக்கைதான் என்றும் சொன்னார். கடப்பாரை ஆட்களை ஒரு வாரம் தள்ளி வரச் சொன்னார்.

தங்கள் மோட்டார் ஒன்றை மட்டும் ஓட்டினால் போதாது. எதிர்க்கட்டிடத்தினுடையதும் ஓட வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கேட்கப் போன ‘ஏன் மேடத்தையும்’ செயலாளரையும் எதிர்க்கட்டிடத்துச் சங்கத் தலைவி வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். வீடு தேடி நல்ல தண்ணீர் வரும்போது உப்புத் தண்ணீரை எடுத்து என்ன செய்வது, உங்கள் வீட்டு ஒழுக்குக்கு எங்கள் வீட்டு மின்சாரமா என்று கேட்டாள். கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. அப்போது, அவர்களோடு வந்து பின்னால் நின்ற லிப்ட் மெக்கானிக் தொண்டையைச் செருமினான். இரண்டு கட்டிடத்து லிப்டும் அவன் பராமரிப்பில்தான் இருந்தது.

“அம்மா, நான் ஒரு கட்டிடத்து விஷயத்தை இன்னொரு கட்டிடத்துல பேசுற ஆள் இல்ல. ஆனா நீங்களே சொன்னா நல்லாருக்கும்.”

தலைவியின் முகம் ஒரு மாதிரியாயிற்று. சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர்கள் பள்ளத்திலும் தண்ணீர். அவர்களும் தங்கள் குழாய்க்காரனைத்தான் பிடித்தார்கள். அவனை விரட்டிவிட்டு, வேறொருவனைக் கொண்டுவந்து, முற்றம் முழுக்கத் தோண்டிப் பழைய குழாயைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டார்கள். தண்ணீர் அப்படியே நின்றது. பிடுங்கிய குழாயில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, முற்றத்துக்கு அழகான புதிய ஓடு பதித்து, அழகுக்காகத்தான் தோண்டினோம் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டைப் போய்ப் பார்த்து ‘ஆகா’ என்று சொல்லிவிட்டு வந்தவர்களில் ‘ஏன் மேடமும்’ ஒருத்தி. ஏன் தோண்டினீர்கள் என்று அன்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டோமே என்று அவள் தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

மோட்டார்கள் ஓடின. எடுத்த தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அடுத்த தெருவில் கட்டிட வேலை செய்பவர்களுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தார்கள். சாலையோர மரங்களுக்கு விட்டார்கள். வண்டிகளெல்லாம் என்றுமில்லாத பளபளப்பில் நின்றன. மெக்கானிக் பள்ளத்துச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டான். ஒவ்வொரு மாலையும் யாராவது ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பிறகு யாராவது ஒருவர் என்பது ஒரு சிறு கூட்டமாயிற்று. முதல் இரண்டு நாட்கள் கோடு நனைந்தே இருந்தது.  தம்பி அந்தப் பக்கமே வரவில்லை.

பிறகு கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலம் சுவர் தெரிந்தது. அடுத்த மாலை ஒரு கை. குழாயில் தண்ணீர் நாள் முழுவதும் வந்துகொண்டுதான் இருந்தது. தரையடித் தொட்டி நிரம்பி வழிந்தது. பள்ளம் மட்டும் இறங்கிக்கொண்டே போயிற்று.

செயலாளர் தமக்குத் தெரிந்த நிலத்தடி நீர் அலுவலர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, கேட்டதை மாத இறுதிப் பொதுக்கூட்டத்தில் அனைவருக்கும் விளங்கச் சொன்னார். இந்தக் கட்டிடங்களெல்லாம் எழும்பிய காலத்தில் நகரமே ஆழ்துளை போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. நிலத்தடித் தண்ணீர் எங்கேயோ பாதாளத்தில் கிடந்தது. காய்ந்த மண்ணைத் தோண்டி லிப்ட் பள்ளம் கட்டியவர்கள், மண் என்றைக்கும் காய்ந்தே இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். இப்போது தொலைவிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது, மோட்டார்களை நிறுத்திவிட்டோம், உறிஞ்சுவார் இல்லாததால் நிலத்தடித் தண்ணீர் தன் பழைய இடத்துக்கு ஓராண்டாக ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஒழுக்கும் அன்று, நோயும் அன்று. ஊருக்கு நல்ல செய்தி. லிப்டுக்கு மட்டும் கெட்ட செய்தி.

“தண்ணி வந்ததுக்கா இத்தனை நாள் ஒருத்தனைத் திட்டினோம்?” என்றார் நான்காம் மாடிப் பெரியவர்.

 தம்பி பின்வரிசையில், கதவோரமாக நின்றிருந்தான். அக்கா ஆள் அனுப்பி வரவழைத்திருந்தாள். செயலாளர் அவன் பக்கம் திரும்பி, எந்தக் கூட்டத்தில் குற்றம் சொன்னேனோ அதே கூட்டத்தில் சொல்கிறேன் என்று தொடங்கி, குழாயில் பழுதில்லை என்றும், பிழை தம்முடையது என்றும், கூட்டமைப்பிலும் இதையே சொல்லப் போவதாகவும் சொன்னார். பள்ளத்தைச் சுற்றி நீர்புகாப் பூச்சு போட வேண்டும். அதையும் மீறி உள்ளே ஊறுகிற தண்ணீரைத் தானாகவே எடுத்து வண்டி கழுவவும் கழிப்பறைக்கும் அனுப்புகிற ஒரு சிறு பம்பு வேண்டும். அந்த வேலையைச் செய்து தருவாயா என்று கேட்டார். எதிர்க்கட்டிடத்துத் தலைவியும் அதே கேள்வியை அவனுக்காகக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

தம்பி உடனே தலையாட்டவில்லை.

“செய்யுறேன் சார். ஆனா இனிமே எங்கயாவது தண்ணி நின்னா முதல்ல என்னைக் கூப்பிடுங்க. திட்டுறதுக்கு இல்ல. கேக்குறதுக்கு.”

“நியாயம்,” என்றார் செயலாளர்.

மறுநாளே அவன் கருவிப்பையோடு பள்ளத்தில் இறங்கினான். அவள் அழகுநிலையத்தை அரைநாள் அடைத்துவிட்டு வந்து மேலே குந்தியிருந்தாள்.  அவன் கீழிருந்து நீட்டிய பிளாஸ்டிக் குழாயின் மறுமுனையைக் கேட்காமலே அவள் வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு உன்னைக் கேட்டிருக்கக் கூடாதுடா,” என்றாள் கடைசியில்.

“நீ எல்லாரையும் கேக்குறவதானே. என்னை மட்டும் ஏன் விடப்போறே?” அவன் குரல் பள்ளத்துக்குள் முழங்கியது. கோபம் இருந்தது, பழைய அளவு இல்லை. ரம்பம் குழாயை அறுக்கத் தொடங்கியது. “மதியம் சாப்பாடு இருக்கா?”

“இருக்கு.”

ரம்பம் அறுத்துக்கொண்டே இருந்தது. அவளால் அதற்குமேல் கேட்காமல் இருக்க முடியவில்லை. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“ஏன்டா, தெருவுல ஒருத்தருமே மோட்டார் போடலைன்னா இது எதுவரைக்கும் ஏறும்? இந்தக் கோட்டோட நிக்குமா? இல்ல, என் கடைத் தரைக்கே வருமா? அதுக்கு முன்னாடி, இந்த நிலத்துல எல்லாரும் துளை போடுறதுக்கு முன்னாடி, அது எங்கே நின்னுச்சு?”

“அக்கா,” என்றான் தம்பி கீழிருந்து, “பைப்பை ஆட்டாமப் பிடி.”